மூலையைப் பிடித்து இழுத்தால்

சுவர்க் கடிகாரம் என்றால் வட்டமாகத்தான் இருக்கும். முட்டை வடிவத்தில் யாரும் செய்வதில்லை. செய்தாலும் அதை வாங்கி ஒரு கம்பெனியின் வரவேற்பறையில் மாட்டமாட்டார்கள். மாட்டினாலும் அதற்கடியில் போய், என் அண்ணன் மகளைக் கட்டிக்கொள்ளப் போகிற பையன், கையைக் கட்டிக்கொண்டு நின்று படம் எடுத்துக்கொள்ளமாட்டான். ஆனால் என் லேப்டாப் திரையில் இருக்கிற கடிகாரம் முட்டை. ஸ்கேலைத் திரைமேல் வைத்து அளந்தே பார்த்துவிட்டேன். அகலத்தைவிட உயரம் கூடுதல், கொஞ்சநஞ்சமல்ல, ஒரு விரற்கடை. கடிகாரம் நீண்டிருக்கிறது என்றால் அதற்கடியில் நிற்கிறவனும் நீண்டிருக்கிறான். அப்படியானால் அசலில் அவன் எவ்வளவு? ஜாதகத்தோடு வந்த தாளில் ஐந்தடி எட்டங்குலம் என்று போட்டிருந்தார்கள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவன் சோபாவில் உட்கார்ந்தே இருந்தான், எழுந்து விடைபெற்ற சமயத்தில் நான் கை கழுவப் போயிருந்தேன், ஆக எங்கள் குடும்பத்தில் மனிதர்களை அளந்து பார்க்கிற பழக்கமுள்ள ஒரே ஆள் அவனை நின்ற கோலத்தில் பார்க்கவே இல்லை. அதைத் தற்செயல் என்று அன்றைக்கு நினைத்தேன். தற்செயல் என்பது விசாரிக்கச் சோம்பல்படுகிறவர்கள் உண்டாக்கிய சொல். நாளைக் காலை நிச்சயதார்த்தம். மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்தில் இரண்டாள் உயரத்துக்கு எல்இடி திரை வைக்கிறார்களாம், அதில் பையன் படமும் பெண் படமும் மாறி மாறி ஓட வேண்டுமாம், பின்னணியில் நாதஸ்வரமாம். "சித்தப்பா, ஸ்லைடு நீங்கதான் பண்ணித் தரோணும், உங்களை மாதிரி யாருக்கு வரும்?" என்று கல்யாணப்பெண் பிரகதி கேட்டபோது எனக்கு உச்சி குளிர்ந்தது உண்மை. அதே பிரகதி பையன் படங்கள் ஐந்தை வாட்ஸாப்பில் தள்ளிவிட்டுக் கூடவே ஒரு வரியும் சேர்த்திருந்தாள்: 'இதுதான் இருக்குங்க சித்தப்பா, அப்படியே போட்டுருங்க, ரொம்ப நோண்டாதீங்க.' ஈரோட்டில் முப்பது வருடம் அச்சகத்தில் எழுத்தும் படமும் அடுக்கிப் பக்கம் கட்டினவனிடம் நோண்டாதே என்பது கொசுவிடம் உட்காராதே என்பதைப் போல.

வாட்ஸாப்பில் வருவது படமே அல்ல, படத்தைப் பிழிந்த சக்கை. போனில் உள்ளங்கை அகலத்துக்குப் பார்த்தால் பளிச்சென்று இருக்கும், ஸ்லைடில் வைத்துப் பெரிதாக்கினால் மூக்கு படிக்கட்டாகிவிடும். அச்சகத்துக்குப் பாஸ்போர்ட் அளவுப் படத்தைக் கொண்டுவந்து இதை ஆளுயர பேனர் ஆக்கிக் கொடுங்கள் என்று கேட்காத கல்யாண வீடு கிடையாது. இல்லாததைப் பெரிதாக்க முடியாதுங்க என்று நான் சொல்வேன், அவர்கள் முதலாளியிடம் போவார்கள், முதலாளி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து "பண்ணிக் குடுத்துருப்பா" என்பார், பண்ணிக் கொடுப்பேன், மாப்பிள்ளை முகம் இருக்க வேண்டிய இடத்தில் குளியலறை டைல்ஸ் ஒட்டினாற்போல் இருக்கும். சின்னப் படத்தைப் பெரிதாக இழுக்கும்போது நடுவில் காலி விழுமல்லவா, அந்தக் காலியைக் கணினி எப்படி நிரப்புகிறது என்றால், இருக்கிற புள்ளிகளை அக்கம்பக்கத்தில் விசாரித்து, நீ என்ன நிறம், உனக்கடுத்தவன் என்ன நிறம், அப்படியானால் நடுவிலிருப்பவன் இப்படித்தான் இருப்பான் என்று ஓர் ஊகம். சம்பந்தம் விசாரிக்கிறதும் இதே முறைதான். பையன் எப்படி என்று பையனைக் கேட்பதில்லை, எதிர்வீட்டு மளிகைக்கடைக்காரரைக் கேட்கிறோம், அவர் தங்கமான பையன் என்கிறார், நடுவில் ஒரு புள்ளி விழுகிறது. இந்தப் பையன் தரணீஷைப் பற்றி எங்களிடம் இருப்பதெல்லாம் அப்படி விழுந்த புள்ளிகள்தான். அதனால்தான் காலையில் கடிகாரத்தை அளந்த கையோடு அண்ணனுக்குப் போன் போட்டேன். அண்ணன் திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்து ஆழ்துளைக் கிணறு போடுகிறவர், ஆயிரம் அடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று மேலேயிருந்து சொல்லிச் சம்பாதிப்பவர், அவருக்கு ஊகத்தின்மேல் இருக்கிற மரியாதை எனக்குக் கிடையாது. "அண்ணா, வந்த அஞ்சு படமும் சரியில்லீங்கண்ணா. ஒரிஜினல் இல்லீங்கறாங்க. எதையோ மறைக்கறாங்க." அந்தப் பக்கம் கம்ப்ரசர் சத்தம் நின்றது. "என்றா சொல்ற?" "ஆளை இழுத்து நீட்டியிருக்காங்க." "ஆளையா?" "படத்துலீங்கண்ணா." யாரிடமோ வேலையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பிறகு, "சோத்தத் தின்னுபோட்டு நேரா அங்கதான் வர்றேன். எனக்குக் காட்டு. கோளாறுன்னா இன்னைக்கே நிறுத்திப் போடலாம். மேடையேறி எறங்கறதுக்கு ஏறாமயே இருந்துக்கலாம்" என்றார். போனை வைத்த பிறகு ஸ்கேலை எடுத்து மறுபடியும் அளந்தேன். ஒரு கடிகாரத்துக்காக ஒரு கல்யாணமா? ஆனால் ஒரு கடிகாரத்தை நீட்டுகிறவன் வேறு எதை நீட்டமாட்டான், சம்பளத்தையா, படிப்பையா, முதல் தாரம் இருந்தும் இல்லை என்கிற அளவுக்குப் பொய்யையா?

பையனின் தங்கை சுவாதிகாதான் அந்த வீட்டில் கணினி தெரிந்தவள். ஸ்லைடு பாதிக்கு மேல் அவளே செய்து, அதிலிருந்து படமாக எடுத்துத்தான் பிரகதிக்கு அனுப்பியிருக்கிறாள். அவளைப் போனில் பிடித்தேன். "சொல்லுங்க மாமா" என்றாள், குரலில் ஒரு பதற்றம், அல்லது நான் எதிர்பார்த்த பதற்றம். "அம்மிணி, அந்த ஆபீஸ் படத்துல கடிகாரம் ஒரு மாதிரி இருக்குதே?" "அந்தக் கடிகாரம் ஓடறதில்லீங்க மாமா." "ஓடறதக் கேக்கல சாமி. உருண்டையா இருக்கோணுமில்ல?" அந்தப் பக்கம் மவுஸ் சொடுக்குகிற சத்தம், படத்தைத் திறந்து பார்க்கிறாள். "ஓ அதுங்களா! ஸ்லைடு முழுக்க வரட்டும்னு மேல புடிச்சு இழுத்துட்டனுங்க." "மேல, நடுப்புள்ளியப் புடிச்சா?" "ஆமாங்க." "அதான் தப்பு. மேல புடிச்சா ஆளு நீளுவான். பக்கத்துல புடிச்சா ஆளு பெருப்பான். மூலையப் புடிச்சு இழுத்தாத்தான் ஆளு ஆளாட்ட இருப்பான்." "சரிங்க மாமா. எங்க அண்ணன் நெசமாவே அஞ்சடி எட்டுதானுங்க." நான் உயரத்தைப் பற்றிக் கேட்கவே இல்லையே, அவளாக ஏன் சொன்னாள்? கெட்டிக்காரி, கேள்வி எங்கே போகிறது என்று தெரிந்திருக்கிறது, அல்லது வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு நடந்திருக்கிறது. "அந்த ஸ்லைடு ஃபைலையே எனக்கு மெயில்ல போட்டுரு, வாட்ஸாப்புல போடாத, மெயில்ல." "அது... அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்பட்டுங்களா?" "எந்த அண்ணி?" "பிரகதி அண்ணிங்க." நிச்சயத்துக்கு ஒருநாள் முன்னால் அண்ணி. ஆசையான பிள்ளை என்று எடுத்துக்கொள்ளலாம், பழகின வாய் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இரண்டையும் குறித்து வைத்துக்கொண்டேன். "அவதான் இந்த வேலைய எங்கிட்டக் குடுத்தவ. அனுப்பு கண்ணு, பெரியவங்க சொல்றம்ல." பெரியவர்கள் என்ற அந்த அரதப்பழசான ஆயுதம் இன்னும் வேலை செய்கிறது. போனை வைத்து, என் மனைவி மரகதம் கொண்டுவந்த மோரைக் குடித்து முடிப்பதற்குள் மெயில் வந்துவிட்டது. "ஏனுங்க, வந்ததப் போட்டுட்டு எந்திரிங்களேன், நாளைக்கு எல்லாரும் சாப்பாட்டப் பாப்பாங்களா படத்தப் பாப்பாங்களா?" என்று மரகதம் சமையலறையிலிருந்தே கேட்டாள். நாற்பது வருடமாக இதையேதான் சொல்கிறாள், இன்றைக்கு மட்டும் அதில் ஓர் அவசரம் இருப்பதாக ஏன் தோன்ற வேண்டும்?

ஃபைல் கனமாக இருந்தது, இறங்கவே நேரம் பிடித்தது, அதுவே ஒரு நல்ல சகுனம், கனமில்லாத ஃபைலில் உண்மை இருக்காது. கடிகாரப் படத்தை அவள் பிடித்த அதே மேல் நடுப்புள்ளியைப் பிடித்துக் கீழே தள்ளிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன். கடிகாரம் வட்டமாயிற்று, பையன் கொஞ்சம் குறுகினான், ஆனால் மோசமில்லை, பக்கத்திலிருக்கிற கதவை வைத்துக் கணக்குப் போட்டால் ஐந்தடி ஏழரைக்குக் குறையாது, செருப்போடு எட்டு. ஒரு சந்தேகம் தீர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான் வந்திருக்க வேண்டும், வந்தது என்னவோ பையிலிருந்து சில்லறை விழுந்துவிட்டாற்போல ஓர் ஏமாற்றம். அடுத்த ஸ்லைடுக்குப் போனேன். அதில் அவன் ஏதோ உணவகத்தில் உட்கார்ந்து சிரிக்கிறான், நீலக் கட்டம் போட்ட சட்டை, இடது தோளின் ஓரத்தில் மங்கலாக ஒரு கறை. வாட்ஸாப் சக்கையில் அதை நிழல் என்று நினைத்திருந்தேன். இப்போது அசல், அதனால் பெரிதாக்கிப் பார்த்தேன், நிழல் நிறம் மாறிற்று, தோல் நிறம், நான்கு துண்டாகப் பிரிந்தது, நான்கிலும் நுனியில் சின்னச் சின்னதாக அரக்குச் சிவப்பு. விரல்கள். நகச்சாயம் பூசின விரல்கள். ஒரு ஆணின் தோளில் ஒரு பெண்ணின் விரல்கள் இருந்தால் விரல்களுக்குப் பின்னால் கையும், கைக்குப் பின்னால் ஒரு பெண்ணும் இருந்தாக வேண்டும், இது தர்க்கம், இதில் ஊகமே இல்லை. படத்தின்மேல் கிராப் பொத்தானை அழுத்தினேன். சுவாதிகாவின் வயதுக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை, கிராப் செய்தால் படத்தின் அந்தப் பகுதி வெட்டுப்பட்டுப் போய்விடும் என்று. போவதில்லை. ஸ்லைடில் கிராப் என்பது கத்தரி அல்ல, திரைச்சீலை. வெட்டினது முழுக்க உள்ளேயே உட்கார்ந்திருக்கும், யாராவது வந்து இழுக்கிறவரைக்கும். பொத்தானை அழுத்தியதும் படத்தைச் சுற்றிக் கறுப்பு விளிம்புகள் முளைத்தன, விளிம்புக்கு வெளியே, பெரிதாக்கின திரைக்குள் அடங்கினவரைக்கும், சாம்பல் பூசினாற்போல மறைந்திருந்த பகுதி தெரிந்தது: மேசையின் மிச்சம், ஒரு ஐஸ்கிரீம் கிண்ணம், கிண்ணத்தில் இரண்டு கரண்டி, ஒரு முழங்கை, மஞ்சள் துப்பட்டா. இரண்டு கரண்டி. முதல் தாரமா, அல்லது தாரமே ஆகாததா? பிரகதியின் முகம் நினைவுக்கு வந்தது, நாளை உடுத்தப் போகிற புடவையை நேற்று எனக்கு வீடியோவில் காட்டி "இந்தக் கலர் கேமராவுல வருமா சித்தப்பா?" என்று கேட்ட முகம். போனை எடுத்துவிட்டேன். அண்ணன் பெயரின்மேல் விரலை வைத்துவிட்டேன். அழுத்தாததற்குக் காரணம் நற்குணமல்ல, தொழில்: மூலம் முழுவதையும் பார்க்காமல் திருத்தம் சொல்லக் கூடாது என்று அச்சகத்தில் எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி. கறுப்பு மூலையைப் பிடித்து இழுத்தேன்.

முழங்கை தோளாயிற்று, தோள் கழுத்தாயிற்று, கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலி, அதில் இலை வடிவத்தில் ஒரு டாலர், அந்த டாலரை நான் பார்த்திருக்கிறேன் என்று தோன்றிய மாத்திரத்திலேயே கை நின்றுவிட்டது. அதை வாங்கினதே நான். மீதியை இழுக்காமலே தெரிந்துவிட்டது, ஆனாலும் இழுத்தேன், இழுக்காமல் இருக்க முடியாது. பிரகதி. ஐஸ்கிரீம் கரண்டியை வாயில் வைத்துக்கொண்டு, படம் எடுக்கிறவர்களைப் பார்த்து ஒரு கண்ணைச் சுருக்கி, என் அண்ணன் மகள் பிரகதி. சரி, உறுதி வார்த்தை ஆன பிறகு எங்கேயாவது சந்தித்திருக்கலாம், இந்தக் காலத்துப் பிள்ளைகள், அதில் என்ன என்று சமாதானம் சொல்ல ஆரம்பித்த மனம் பாதியிலேயே மாட்டிக்கொண்டது. முடி. படத்தில் அவளுக்குக் காதுவரைதான் முடி. கோயமுத்தூரில் கடைசி வருடம் படிக்கும்போது புற்றுநோய்க்காரர்களுக்கு விக் செய்யக் கொடுக்கிறேன் என்று ஒரேயடியாக வெட்டிக்கொண்டு வந்து நின்றாள், அண்ணன் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை, அண்ணி குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டாள், இப்போது அந்த முடி இடுப்புக்கு வந்துவிட்டது. இடுப்புவரை முடி வளர எவ்வளவு காலம் ஆகும்? தரகர் இந்த ஜாதகத்தைக் கொண்டுவந்தது சென்ற தை மாதம். படம் அதற்கு மூன்று நான்கு வருடம் முந்தியது. அப்படியானால் தரகர் கொண்டுவந்தாரா, கொண்டுவர வைக்கப்பட்டாரா? ஜாதகக் கட்டின் மேலாக இந்த ஜாதகம் இருந்ததாக அண்ணன் பெருமையோடு சொன்னார், எடுத்தவுடனே கையில வந்துச்சு தம்பி, தெய்வ சித்தம். எது மேலே இருக்க வேண்டும் என்று சீட்டுக் கலைக்கிறவனுக்குத் தெரியாதா? பெண் பார்க்க வந்த அன்றைக்கு இவள் காப்பித் தட்டைக் கொண்டுவந்து எல்லோருக்கும் நீட்டினாள், பையனுக்கு நேராக வந்ததும் தட்டைக் கொஞ்சம் திருப்பி ஓரத்து டம்ளரை அவன் பக்கம் காட்டினாள், அவனும் அதையே எடுத்துக்கொண்டான், குடித்துவிட்டு அவன் அம்மா, "அட, சக்கரை போடாததே இவனுக்கு வந்திருக்கு, இவன் காப்பியில சக்கரையே சேத்தமாட்டானுங்க" என்று ஆச்சரியப்பட்டாள், எல்லோரும் பொருத்தம் பொருத்தம் என்று சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நான், கடிகாரத்தை அளக்கிறவன். "எந்தக் காலேஜுங்க?" என்று அவன் இவளைக் கேட்டான், இவள் தலை குனிந்து சொன்னாள், அவன் "அப்படீங்களா" என்றான். அந்த அப்படீங்களாவை நான் நம்பினேன். எனக்கு இப்போது வந்த கோபம் அவர்கள் காதலித்ததற்காக இல்லை, அது அவர்கள் பாடு. இவ்வளவு சுத்தமாகப் பக்கம் கட்டியிருக்கிறார்கள், ஒரு கோடுகூட விலகவில்லை, என் கண்முன்னாலேயே, அதுவும் நானே பிழை பார்த்து விட்ட பக்கம்.

கோபம் தணிந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. அண்ணன் வருகிறார். வரச் சொன்னதே நான். எங்கள் பெரியம்மா வழியில் ஒருத்தி மகள் போன வருடம் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டாள், சாதி ஒன்று, குலக்கூட்டம் முறைப்படி வேறு, வேலை இருக்கிறது, பத்திரிகையில் இரண்டு வீட்டார் பேரும் இருந்தது, ஒரு குறை கிடையாது, அண்ணன் அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை, இன்றைக்கும் அந்த வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை. ஏனுங்கண்ணா என்று கேட்டதற்கு, "எல்லாஞ் செரிதான்டா. பாத்தது யாரு? அதச் சொல்லு" என்றார். ஒவ்வொரு விசேஷத்திலும் பந்தியில் இலை போடுவதற்கு முன்னால் எல்லோரும் கேட்கிற மாதிரி, எம்பொண்ணு நான் கைகாட்டின பக்கந்தான் திரும்புவா என்பார். அவர் சொல்லிச் சொல்லிக் கட்டின கோபுரம் அது. நாளைக்கு மேடையில் அவர் தாம்பூலத் தட்டோடு நிற்கும்போது இந்தப் பிள்ளைகள் இரண்டும் தன்னை மூன்று வருடம் பொம்மை ஆட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தால், தட்டை வைத்துவிட்டு இறங்கிவிடுவார், பிறகு இவள் அழுதாலும் கும்பிட்டாலும் ஒன்றும் நடக்காது, முடியை வெட்டினதற்கே ஒரு வாரம். சக்கைப் படத்தை அப்படியே போட்டிருந்தால் அந்த விரல்கள் நிழலாகவே இருந்திருக்கும். நோண்டாதீங்க என்று சொன்னாள். சொன்னாளே. போன் அடித்தது, பிரகதி. "சித்தப்பா, சுவாதி ஃபைல் அனுப்பிட்டாளாமா?" "அனுப்பினா." "தெறந்தீங்களா?" "தெறக்காம எப்படிச் சாமி ஸ்லைடு பண்றது?" "ரெண்டாவது படம்... பெருசு பண்ணீங்களா?" "மூலையப் புடிச்சு இழுத்தேன்." "எவ்வளவு இழுத்தீங்க?" "முழுசா." அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை, மெதுவாக, "சுவாதி லூசு, வெட்டினா போயிரும்னு சொன்னாளுங்க" என்றாள். "போகாது." "தெரியுதுங்க இப்ப." பிறகு, "அப்பா சாப்பிட்டுக் கிளம்பிட்டாருங்க சித்தப்பா. பள்ளிபாளையம் தாண்டியிருப்பாரு, இப்ப வந்துருவாரு. மூஞ்சியே செரியில்ல. நீங்க காலைல என்ன சொன்னீங்க அவர்கிட்ட?" என்றாள். "வெச்சிரு" என்றேன். வாசல்பக்கம் திரும்பினால் மரகதம் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருக்கிறாள், எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. "உனக்குத் தெரியுமா?" என்றேன். "என்னதுங்க?" என்றாள். ஆறு எழுத்துச் சொல்லை அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு யாரும் சொன்னதில்லை.

செய்ய வேண்டியது தெரியும். மூலையைப் பழைய இடத்துக்கே தள்ளினேன், பிரகதி கழுத்தானாள், தோளானாள், முழங்கையானாள், சாம்பலுக்குள் போனாள். படத்தைச் சுருக்குவதற்கு ஒரு சன்னல் இருக்கிறது, அதில் வெட்டிய பகுதிகளை நீக்கு என்று ஒரு கட்டம், அதில் டிக் போட்டால்தான் திரைச்சீலை கத்தரி ஆகும். டிக் போட்டேன். தரத்தைத் தொடவில்லை, அது அப்படியே இருக்கட்டும், ஒரு வேலையைச் செய்ய இன்னொரு வேலையைக் கெடுக்க வேண்டியதில்லை என்று அந்தச் சமயத்திலும் தோன்றியது, வயிற்றைக் கலக்கிக்கொண்டிருக்கும்போதும் அரைக்கால் சட்டையை மடித்து வைக்கிறவர்கள் உண்டு, அந்தச் சாதி நான். சேமித்தேன். சேமித்தாலும் செய்ததைத் திரும்பப் பெறுகிற பொத்தான் உயிரோடு இருக்கிறவரை எதுவும் அழிந்ததாகாது, அதனால் மூடினேன், மறுபடி திறந்தேன், கிராப்பை அழுத்தினேன், விளிம்புக்கு வெளியே சாம்பல் இல்லை, வெறும் வெள்ளை. மெயிலையும் அழித்து, அழித்ததைப் போட்டுவைக்கிற கூடையையும் காலி செய்தேன். எல்லாம் முடிந்து நிமிர்ந்து பார்த்தால் தோளில் நான்கு விரல்கள். வெட்டுக்கு உள்பக்கம் இருக்கிறவை, அவை எங்கே போகும்? இன்னும் உள்ளே தள்ளி வெட்டிப் பார்த்தேன், விரல் போகிறது, கூடவே பையனின் காதும் போகிறது, ஒரு காதில்லாத மாப்பிள்ளையை எந்த மாமனார் ஒப்புக்கொள்வார், அதுவும் என் அண்ணன், ஏன்டா காதை வெட்டினே என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். இந்த ஸ்லைடையே எடுத்துவிட்டால்? காலையில் ஐந்து என்று சொல்லியிருந்தேன், அண்ணன் எண்ணுவார். மழுப்புகிற கருவிகள் எல்லாம் இருக்கின்றனவாம், எனக்குத் தெரியாது, நான் கற்றதெல்லாம் தெளிவாக்க. தெளிவு குறைப்பதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று, அதை இதுவரை பிறர் செய்து பார்த்துச் சபித்திருக்கிறேன். அதே சன்னலில் கீழே தர வரிசை, அச்சுக்கு, திரைக்கு, கடைசியில் எல்லாவற்றையும்விடக் கேவலமாக, மின்னஞ்சலுக்கு. கடைசியைத் தொட்டேன். ஒரு கணம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு விரல்கள் கரைந்தன, சிவப்பு நீலத்தோடு சேர்ந்து ஊதாவாயிற்று, ஊதா சட்டைக் கட்டத்தோடு சேர்ந்து கட்டமாயிற்று. கூடவே பையனின் சிரிப்பும் போயிற்று, பல் ஒரே வெள்ளைப் பட்டை, கண்கள் இரண்டு கறுப்புச் சதுரம். ஒன்று மட்டும் கெட்டு மற்றவை தெளிவாக இருந்தால் அந்த ஒன்றைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள், ஆகவே ஐந்து படத்தையும் அதே தரத்துக்கு இறக்கினேன், பிரகதியின் படங்களையும், நானே எடுத்தவற்றையும். பென் டிரைவில் போட்டுச் சேமி என்பதை அழுத்துகிறபோது ஒரு கையைச் சாக்கடையில் விடுகிறாற்போல் இருந்தது.

கார் சத்தம் கேட்டது. அண்ணன் செருப்பைக் கழற்றும்போதே "எங்கடா?" என்றார். மரகதம் "வாங்க மாமா, தண்ணி குடிங்க" என்றாள், அவர் டம்ளரை வாங்கி வைத்துவிட்டு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார், டீசல் வாசனை, தேங்காயெண்ணெய் வாசனை, என் தோளில் அவர் கை கனத்தது. ஒவ்வொன்றாக ஓட்டினேன். கடிகாரத்துப் படத்தில் நிறுத்தச் சொன்னார். "இதுல ஆளு நீளமாவா இருக்கான்?" "இல்லீங்கண்ணா, அந்தப் புள்ள தெரியாம இழுத்துப் போட்டா. செரி பண்ணீட்டேன். அஞ்சடி எட்டு இருப்பான்." "மறைக்கறாங்கன்னு சொன்ன?" "நாந்தான் அவசரப்பட்டுச் சொல்லீட்டேன்." அடுத்தது வந்தது. அவர் குனிந்தார். குனிந்து, கண்ணைச் சுருக்கி, விரலைத் திரையில் வைத்தார், நேராக அந்தத் தோளில். "என்றா இது, ஒரே மசமசன்னு இருக்குது? சட்டையெது, ஆளெது?" "எதுங்கண்ணா?" "எதுவா? எல்லாந்தான். எம்பொண்ணு மூஞ்சியே கொசகொசன்னு இருக்குதே. பத்திரிகையில ஒரு கோடு கோணலா விழுந்துதுன்னு ஆயிரம் பத்திரிகையத் திருப்பி அனுப்புனவன்டா நீ. இத எப்புடி உட்ட?" நிமிர்ந்து என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்ததைவிடக் கூர்மையாக என்னைப் பார்த்தார், பாறையா தண்ணியா என்று மண்ணைப் பார்க்கிற பார்வை. மரகதம் சமையலறையில் பாத்திரம் உருட்டுவதை நிறுத்திவிட்டாள். அவர் நம்பக்கூடிய காரணம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. "எதுங்கண்ணா மசமசன்னு இருக்கு? எனக்கு நல்லாத் தெளிவாத்தான் தெரியுது" என்றேன். "தெளிவாவா?" "பளிச்சுன்னு இருக்குதே." அவர் என் முகத்துக்கு நேராக இரண்டு விரலைக் காட்டினார். "இது எத்தன?" ஒரு கணம் யோசித்து, "மூணா?" என்றேன்.

அவர் முகத்திலிருந்த கூர்மை கழன்று விழுந்ததைப் பார்த்தேன். "அடப் பாவி" என்றார், மெதுவாக, சின்ன வயதில் நான் கிணற்றில் விழுந்து எழுந்தபோது சொன்ன குரலில். "எத்தன நாளா இப்படி? ஏன்டா எங்கிட்டச் சொல்லல? அதான் காலைல ஆளு நீண்டிருக்கான், படம் செரியில்லன்னு உளறியிருக்கற. கொஞ்சம் விட்டிருந்தா உன் கண்ணக் கேட்டு எம்பொண்ணு கல்யாணத்த நிறுத்தியிருப்பன்டா நானு!" என்னிடமிருந்து மவுஸை வாங்கி ஓரமாக வைத்தார், குழந்தையிடமிருந்து அரிவாள்மணையை வாங்குவதைப் போல. பென் டிரைவை நானே கழற்றிக் கொடுத்தேன், கொடுக்கும்போது குறி தவறினாற்போல் கொஞ்சம் தள்ளி நீட்டினேன், அவர் என் கையைப் பிடித்து வாங்கிக்கொண்டார். "இதயே ஓட்டச் சொல்றேன். எவன் கிட்டப் போயி மூக்க ஒட்டிப் பாக்கப் போறான்? அம்மிணி, நாளைக்கு இவனக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வா, மேடைப் படியில ஏத்தாத. நிச்சயம் முடிஞ்ச கையோட கண்ணாஸ்பத்திரி" என்றார். "செரிங்க மாமா" என்றாள் மரகதம், ஒரு துளிச் சிரிப்பில்லாமல், அந்தச் சிரிப்பில்லாமைக்கு என்ன அர்த்தம் என்று இனி நான் வாழ்நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருக்கலாம். நாளைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், அச்சகத்துக்காரனுக்குப் பார்வை போய்விட்டதென்று, இனி யாரும் எந்தப் பத்திரிகையையும் என்னிடம் நீட்டி எங்கே தப்பு என்று கேட்கமாட்டார்கள். அவர் காரை எடுத்தார். நான் வாசல் தூணைத் தடவிப் பிடித்துக்கொண்டு நின்றேன், கண்ணாடியில் பார்ப்பார் அல்லவா. பின்கண்ணாடியில் பிரகதி போர்வெல்ஸ் என்று ஒட்டியிருந்தது. 'க'வின் மூலை உரிந்திருந்தது, மொத்த வரியும் இடப்பக்கம் இம்மி சாய்ந்திருந்தது. வண்டி தெருமுனை திரும்புகிறவரை அது எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.